ஐந்தாம் பல்லும் ஆறாம் பல்லும்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காதுப் பரிசோதனை என்று திங்கட்கிழமையே பலகையில் ஒட்டிவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன் நான். எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை படிப்பேன். முதல் தடவை எழுத்துக்கு, இரண்டாம் தடவை விஷயத்துக்கு. இதை மூன்று தடவை படித்தேன். கேட்கும் திறன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த ஆள் இனி இயந்திரக் கூடத்துக்குள் வேலை செய்யக் கூடாது, சரக்கு இறக்குமிடத்துக்கு மாற்றப்படுவார் என்று போட்டிருந்தது. எல்லாம் அந்த ஆளின் நன்மைக்காகத்தானாம்.

இறக்குமிடத்தில் என்ன வேலை என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அங்கேதான் கிடந்தேன். லாரியிலிருந்து இரும்பு அலமாரிகளையும் பெட்டிகளையும் இறக்கி உள்ளே தள்ளுகிற வேலை. அங்கேதான் என் கீழ்முதுகில் ஒரு வட்டு நகர்ந்தது. நகர்ந்தது திரும்பத் தன் இடத்துக்கு வரவில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கால் இழுத்துக்கும்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சித்தான் கூடத்துக்குள் மாறினேன். காது போனால் கூடம் போகும். கூடம் போனால் முதுகு போகும். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. போவதற்கு இனி அதிகம் மிச்சமில்லை.

கூடம் என்றால் கம்ப்யூட்டர் கூடம். திரை கிடையாது, தட்டுகிற பலகை கிடையாது. தட்டையான இரும்புப் பெட்டிகள், ஆள் உயர அலமாரிகளில் ஒன்றின் மேல் ஒன்றாக, வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆறு ஃபேன் சுற்றும். மூடியைத் திறந்து கெட்டுப்போன ஃபேனை மாற்றுவது, புதிதாக வருகிற கார்டுகளை மாட்டுவது, இதுதான் என் வேலை. கனமில்லை. குனிந்தால் போதும், தூக்க வேண்டியதில்லை.

இடது காது கொஞ்ச நாளாகவே மந்தம். வீட்டில் மனைவி சொல்வதில் பாதிக்கு மேல் நான் "ம்" கொட்டித்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள்.

"நானும் நாலு மெஷினுக்கு நடுவுலதான் நிக்கிறேன்," என்பாள். "எனக்கு எல்லாம் கேக்குது. உங்களுக்கு நான் பேசறது மட்டும்தான் கேக்கறதில்ல."

அறிவிப்பைப் பற்றிச் சொன்னதும் அவள் கிண்டலை நிறுத்திவிட்டாள். சலவைக்கு வருகிற நர்ஸ் ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள்: களைத்துப்போன காதுக்கு மூன்று நான்கு நாள் சத்தம் படாமல் வைத்தால் ஓரளவு தேறிவிடுமாம், அதுவும் பரிசோதனைக்கு முந்தின நாள் சத்தமே ஆகாதாம். காதுக்குள் பஞ்சு அடைப்பான், அதற்கு மேலே கவசம், இரண்டையும் போட்டுக்கொண்டு ஓரமான வரிசையில் வேலை செய்தால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்தத் திங்கட்கிழமைதான் புதுக் கார்டுகள் வந்து சேர்ந்தன.

மொத்தம் நாற்பத்தெட்டு. ஏழாம் வரிசையில் இன்னும் வேலைக்கு விடாத நாற்பத்தெட்டுப் பெட்டிகளுக்கும் தலா ஒன்று. உள்ளங்கை நீளத்தில் கறுப்பாக இருக்கும். பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. பின்னால் ஒரு மொட்டைத் தகடுதான் தெரியும், கார்டு இல்லாத இடத்திலும் அதே தகடுதான். அட்டைப்பெட்டிகளை ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தவன் என் மச்சான். மனைவிக்கு நேர் இளையவன். அவனுக்கும் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வண்டி தள்ளுவது அவன் வேலை, மாட்டுவது என் வேலை.

திங்கள் மாலைக்குள் எட்டுக் கார்டு மாட்டினேன். மின்சாரம் கொடுத்ததும் பெட்டிகள் ஊளையிட ஆரம்பித்தன. சும்மா இரைச்சல் இல்லை. ஆறு ஃபேனும் முழு வேகத்தில், ஏழெட்டுப் பெட்டி, பக்கத்து வரிசைக்காரன் வாயசைப்பதுதான் தெரிகிறது. கவசத்துக்குள்ளும் வருகிறது. காதை அடைத்தால் தாடை வழியாக வருகிறது.

எங்கள் என்ஜினியர் அம்மா வந்து பார்த்தார். முப்பது வயது இருக்கும், எதையும் ஆத்திரப்படாமல் சொல்கிறவர். வரிசைக்கு வெளியே எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"அண்ணே, பெட்டிக்குள்ள ஒரு சின்ன சில்லு இருக்கில்ல, நீங்கள்லாம் கங்காணின்னு சொல்வீங்களே, அது ஒவ்வொரு உறுப்பா கூப்பிட்டு விசாரிக்கும். நீ யாரு, உன் நம்பர் என்ன, உனக்குச் சூடு எவ்வளவுன்னு. எந்தக் கம்பெனி செஞ்ச உறுப்பா இருந்தாலும் இப்படித்தான் கேக்கணும், இப்படித்தான் பதில் சொல்லணும்னு எல்லாக் கம்பெனியும் உக்காந்து பேசி எழுதி வெச்சிருக்காங்க. அதுல இப்ப புதுப் பதிப்பு வந்திருக்கு. கார்டு புதுப் பதிப்புல பதில் சொல்லுது. நம்ம கங்காணி படிச்சது பழைய பதிப்பு. பேரும் நம்பரும் புரியுது. சூடு சொல்ற இடம் வந்தா புரியல."

"புரியலைன்னா இன்னொரு தடவை கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கேக்குது. திரும்பவும் அதே பதில்தான் வருது. அதனால பயந்துடுது. தெரியலைன்னா தீப்பிடிச்ச மாதிரின்னு வெச்சுக்கிட்டு எல்லா ஃபேனையும் முழுசா விட்டுடும்."

"எங்க வீட்டுலயும் ஒருத்தி அப்படித்தான்," என்றான் மச்சான். "அரை மணி நேரம் போன் எடுக்கலைன்னா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா விசாரிச்சிடுவா."

என்ஜினியர் அம்மா சிரித்தார். கார்டு செய்த கம்பெனிக்கு எழுதியிருப்பதாகவும், கங்காணிக்குப் புதுப் பாடம் அனுப்பப் பத்து நாள் ஆகும் என்றும் சொன்னார். அதுவரை மாட்டுகிற வேலை நடக்கட்டும் என்றார். அவர் அடுத்த வாரம் வரைக்கும் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். போகிற போக்கில் சூப்பர்வைசரிடம், எட்டில் ஏழு கார்டுதான் கங்காணிகள் தருகிற பட்டியலில் தெரிகிறது, எட்டாவதைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய் காலை அந்த எட்டாவது பெட்டி முன்னால் நின்றேன். மற்ற ஏழும் கத்துகின்றன; இது ஒன்று மட்டும் தன் பாட்டுக்குச் சன்னமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்து, மூடியைத் திறந்து, கார்டை உருவினேன். கார்டின் அடியில் வரிசையாகத் தங்கநிறப் பற்கள் இருக்கும், அவைதான் பெட்டியோடு ஒட்டிப் பேசுகிற இடம். ஒரு பக்கத்தில் ஐந்தாவது பல்லின் மேலும் ஆறாவது பல்லின் மேலும் மெல்லிய கண்ணாடித்தாள் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கார்டைச் சுற்றி வந்த உறை. பிரிக்கும்போது கிழிந்து ஒட்டியிருக்கிறது.

பிய்த்துவிட்டு மாட்டினேன். ஊளை. திரும்ப உருவி அதே இடத்தில் அந்தத் துணுக்கை ஒட்டி மாட்டினேன். அமைதி. அந்த இரண்டு பல்லும்தான் கங்காணியோடு பேசுகிற வாய் என்று விளங்கிவிட்டது. வாயை மூடிவிட்டால் அங்கே கார்டு இருப்பதே கங்காணிக்குத் தெரியாது. தெரியாததற்கு ஏன் பயப்படப் போகிறது?

அந்தப் பெட்டி முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. என் சட்டைப் பையில் சூடு தாங்குகிற மஞ்சள் டேப் எப்போதும் இருக்கும். என்ஜினியர் அம்மா வர அடுத்த திங்கள் ஆகும். பரிசோதனை வெள்ளி. வெள்ளி மத்தியானம் வந்து எல்லாவற்றையும் உரித்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. பெட்டிகளும் இன்னும் வேலைக்கு விடாதவைதான். இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டேன். மனசு சரி என்று சொல்லுகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"எட்டாவது என்னாச்சு?" என்றார் சூப்பர்வைசர்.

"லூசா உக்காந்திருந்துச்சு. அழுத்தி வெச்சுட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பொய் அவ்வளவு சுலபமாக இறங்கியதில் எனக்கே சங்கடமாக இருந்தது.

செவ்வாயும் புதனும் நகத்தளவு நறுக்கிய டேப்பை ஊசிமுனையால் எடுத்து எடுத்து ஒட்டினேன். முதலில் மாட்டிய ஏழையும் அணைத்து உருவி ஒட்டினேன். நாற்பத்தேழு என் கைவேலை, ஒன்று கம்பெனி கைவேலை. புதன் சாயங்காலம் ஏழாம் வரிசை முழுவதும் வீட்டு மின்விசிறி போலச் சுற்றிக்கொண்டிருந்தது. காலி அட்டைப்பெட்டிகளை மச்சான் வண்டியில் அடுக்கி வெளியே குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனான்.

"என்ன மாமா, கத்தல் நின்னுடுச்சு?"

"சரியாயிடுச்சு."

"கங்காணி படிச்சு பாஸ் பண்ணிடுச்சா?"

"ஆமா, உன்னை மாதிரியா?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி சமையலறையிலிருந்து மெதுவாக, "உப்பு போதுமா?" என்றாள். "போதும்" என்றேன். அவள் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அவள் முகம் லேசாகியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் போனால் கூடத்தின் கதவுக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட ஒரு தாள் குறுக்கே ஒட்டியிருந்தது. சூப்பர்வைசர் முகம் வெளுத்துப்போய்ப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் எல்லாக் கங்காணிகளும் தங்கள் பெட்டிக்குள் என்னென்ன உறுப்பு இருக்கிறது என்று தலைமை அலுவலகத்துக்குத் தாமாகவே பட்டியல் அனுப்பிவிடும். யாரும் கேட்கவே வேண்டாம். இந்தப் புதன் பட்டியலில் நாற்பத்தெட்டுக் கார்டில் ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை தெரிந்த ஏழும் புதன்கிழமை மாயம். ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கியது என் மச்சான். புதன் மாலை காலி அட்டைப்பெட்டி என்று சொல்லி வாசலைத் தாண்டி வண்டி தள்ளியதும் அவன்தான்.

அவனை வாசல் காவலறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

நான் போய் சூப்பர்வைசரிடம், "நாப்பத்தெட்டையும் என் கையாலதான் மாட்டினேன். உள்ளதான் இருக்கு. திறந்து பாருங்க" என்றேன்.

"நீ மாட்டினே, சரி. அதுக்கப்புறம் யாரு எடுத்தா? பட்டியல்ல இல்லையே."

"பட்டியல்ல இல்லைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

"பின்னே? உன்னை நம்பறதா, மெஷினை நம்பறதா?" அவர் கத்தவில்லை. களைப்பாகச் சொன்னார். "மேலேருந்து சொல்லிட்டாங்கப்பா. என்ஜினியர் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. அந்தம்மா பன்னெண்டு மணிக்கு வர்றாங்க."

காவலறைக்குப் போனேன். மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய பை மேஜைமேல் கவிழ்த்துக் கிடந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து கிளறிப் பார்த்திருக்கிறார்கள். மூடி தனியாக, கரண்டி தனியாக. நேற்று அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காவல்காரன் இன்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"சாப்பாட்டுக்குள்ள தேடறாங்க மாமா," என்றான். "சோத்துக்குள்ள வெச்சுக் கொண்டு போவேன்னு நெனச்சுட்டாங்க போல."

"வந்துடும். மேடம் வந்தா சரியாயிடும்."

"இருபது வருஷம் வண்டி தள்ளறேன். ஒரு ஸ்க்ரூ எடுத்ததில்ல. நீங்க மாட்டினதுதானே? நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"அப்புறம் எங்க போச்சு?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். காவல்காரன் முதுகு தெரிந்தது, சுவர்க்கடிகாரம் தெரிந்தது, மச்சானின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். அவன் வேண்டாம் என்றான்.

வெளியே வந்ததும் மனைவி போன் பண்ணினாள். வலது காதில் வைத்துக்கொண்டேன்.

"தம்பியை உக்கார வெச்சிருக்காங்களாமே. அவன் பொண்டாட்டி அழுதுக்கிட்டே போன் பண்றா. என்னங்க நடக்குது அங்க?"

இறக்குமிடத்துப் பக்கம் நடந்துகொண்டே சொன்னேன். கார்டு காணாமல் போகவில்லை, நான்தான் வாயைக் கட்டினேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்று செய்தேன்.

"அப்ப போய்ச் சொல்லுங்க," என்றாள்.

"சொன்னா எல்லாத்தையும் உரிச்சு ஓட விடச் சொல்வாங்க. நாளைக்குக் காலையில டெஸ்ட். நான் திரும்பவும் லோடு இறக்கப் போகணும்."

"எனக்குத் தெரியாதா? படுக்கையில இருந்தப்ப ஆறு மாசம் உங்களைப் புரட்டிப் போட்டவ நான். முதுகு உங்களுது. திருடன்ற பேரு அவனுது. ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க."

போனை வைத்துவிட்டாள்.

என்ஜினியர் அம்மா பன்னிரண்டே காலுக்கு வந்தார். காரிலிருந்து இறங்கி நேராக நடந்தவரை நடைபாதையிலேயே மறித்தேன். சூப்பர்வைசர் கூட இருந்தார், வாசல் காவல் அதிகாரியும் இருந்தார். தனியாகச் சொல்ல நினைத்திருந்தேன். முடியவில்லை.

"மேடம், கார்டு எல்லாம் உள்ளதான் இருக்கு. அஞ்சாவது பல்லையும் ஆறாவது பல்லையும் டேப் போட்டு மூடினது நான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த ரெண்டுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

துணுக்குக் கதையைச் சொன்னேன். சூப்பர்வைசர் இடையில் புகுந்து, "லூசா இருந்துச்சுன்னு சொன்னே" என்றார். "ஆமா, பொய் சொன்னேன்" என்றேன்.

சீலைக் கிழித்து உள்ளே போனோம். முதல் பெட்டியைத் திறந்து கார்டை உருவிக் காட்டினேன். என்ஜினியர் அம்மா கார்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். என் கையையும் எடுத்து அதன்மேல் வைத்தார். தோல் சுட்டது.

"சும்மா இருக்கறப்பவே இப்படி. வேலைக்கு விட்டிருந்தா ஒரு மணி நேரத்துல வெந்துபோயிருக்கும். கங்காணிக்குத் தெரிஞ்சே இருக்காது."

"வெள்ளிக்கிழமை எடுத்துடலாம்னு..."

"ஏன் வெள்ளிக்கிழமை?"

சொன்னேன். இறக்குமிடம், வட்டு, காது, எல்லாம். அவர் கார்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு காவல் அதிகாரியிடம் திரும்பி, கார்டு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள், வெளியே இருக்கிற ஆளை விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"ஒண்ணுதானே பாத்தேன்," என்றார் அதிகாரி. "புகார் நாப்பத்தெட்டுக்கு வந்திருக்கு. பட்டியல்ல நாப்பத்தெட்டு நம்பரும் திரும்ப வரணும். வந்தா நான் எழுதி மூடிடுவேன். வராம என்னால முடியாது மேடம்."

பட்டியலில் வர வேண்டுமென்றால் டேப்பை உரிக்க வேண்டும். உரித்ததை உடனே மின்சாரம் கொடுத்து ஓட விட்டால்தான் பசை விட்டதா என்று தெரியும், கங்காணியும் விசாரிக்கும்; அணைத்தால் பட்டியலிலிருந்து போய்விடும். விசாரித்தால் கத்தும். நாற்பத்தெட்டும்.

"வேற ஆளு இருக்காங்களா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார் என்ஜினியர் அம்மா.

"மாட்டத் தெரிஞ்சவன் இன்னொருத்தன் லீவு. வண்டிக்காரர் காவலறையில."

"நாளைக்கு மத்தியானம் செஞ்சா?"

"அதுவரைக்கும் அந்த ஆள் வாசல்லதான் இருக்கணும்," என்றார் அதிகாரி. "இல்லன்னா போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும். சட்டம் அப்படி."

என்ஜினியர் அம்மா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து பஞ்சு அடைப்பானை எடுத்து உருட்டிக் காதுக்குள் திணித்துக்கொண்டேன்.

அவர் மூடியைத் திறப்பார், நான் உருவி உரிப்பேன். ஒட்டியது ஊசிமுனையால், உரிப்பது அதைவிடக் கஷ்டம். சூட்டில் பசை இளகிப் பல்லோடு பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் துணியால் துடைத்து மாட்டினேன். மூடினதும் பெட்டி ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடிதான் அது விசாரிக்கிற நேரம். பிறகு ஊளை. பத்தாவது வரைக்கும் எண்ணினேன். அதற்கப்புறம் எண்ணிக்கை எனக்கு வேண்டியிருக்கவில்லை. அடுத்த பெட்டி எங்கே என்பதை என்ஜினியர் அம்மாவின் விரல்தான் சொல்லிற்று. தலைக்குள்ளே யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு தடவை கவசத்தின்மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்திக் காட்டி, நீங்கள் வெளியே போய் வாருங்கள் என்று சைகை செய்தார். நான் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். போனால் திரும்பி வரத் தோன்றாது.

ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. கண்ணாடி அறைக்குள் போய் அவர் பட்டியலை எடுத்தார். நாற்பத்தெட்டு நம்பரும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு நம்பருக்கும் நேராக, சூடு என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றுமில்லை. அதிகாரி விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். கையெழுத்துப் போட்டார்.

மச்சான் காவலறையிலிருந்து வெளியே வந்தபோது நான் எதிரே நின்றேன். அதற்குள் அவனுக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள் போல. வாயசைத்து ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றேன். அவன் திரும்பச் சொல்லவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி வாசல்வரை வந்தாள்.

"சத்தம் புகாத ஒரு பொட்டிக்குள்ள உக்கார வெச்சு, சத்தம் வந்தா பட்டனை அமுக்கச் சொல்வாங்களாம். கேட்டாலும் கேக்கலைன்னாலும் அமுக்கிடுங்க," என்றாள், சத்தமாக, பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி. நேற்று ராத்திரியிலிருந்து அப்படித்தான் பேச வேண்டியிருந்தது.

காது பார்க்கிற அம்மா வெள்ளைக் கோட்டுப் போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். பெட்டிக்குள் உட்கார வைப்பதற்கு முன் ஒரு படிவம் எடுத்தார். காதில் சீழ் வந்ததுண்டா, அடிபட்டதுண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் அவர் வாயையே பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கடைசிப் பதினாறு மணி நேரத்துல பலத்த சத்தத்துல இருந்தீங்களா?"

நேற்று மாலை ஐந்தே முக்கால். இன்று காலை பத்து. விரலில் எண்ணிப் பார்த்தேன். பதினாறேகால் மணி நேரம்.

"பதினாறு தாண்டிடுச்சு," என்றேன்.

அவர் பேனாவை எடுத்தவர், எழுதாமல் என்னைப் பார்த்தார். "காதுக்குள்ள இப்ப ரீங்காரம் இருக்கா?"

இல்லை என்று சொல்லி உள்ளே போயிருந்தால், இரண்டு காதும் தேறாது என்று எழுதியிருப்பார்கள். எழுதினால் எழுதினதுதான். அமுக்கி ஏமாற்றலாம் என்றால், எதைக் கேட்டு எப்போது அமுக்குவது? காதுக்குள்ளேதான் ஒரு சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததே.

"இருக்கு. தகரத்தை இழுக்கற மாதிரி."

"எவ்வளவு நேரம் சத்தத்துல நின்னீங்க?"

"அஞ்சு மணி நேரம் இருக்கும்."

அவர் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இந்தக் காதை இன்னைக்குப் பாத்தா நான் எழுதறது பொய்யாத்தான் இருக்கும். நாப்பது நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் மெஷின் ஹாலுக்குள்ள கால் வெக்கக் கூடாது. இந்தச் சீட்டை உங்க சூப்பர்வைசர்கிட்ட கொடுங்க."

"நாப்பது நாள் எங்க நிக்கறது?"

"அது என் வேலையில்லையே," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் சீட்டை வாங்கிப் படித்தார். டேப் விஷயத்தில் என்ஜினியர் அம்மா, பொருத்தும்போது நேர்ந்த தவறு, சரிசெய்யப்பட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றும், யார் என்று எழுதவில்லை என்றும் சொன்னார். நான் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். "அதுக்கு மேல என்னால ஆகாது. நாப்பது நாள் இறக்குமிடம்தான். பெல்ட்டு போட்டுக்க" என்றார்.

வீட்டில் மனைவி பெல்ட்டைத் தேடி எடுத்து வெயிலில் போட்டாள். திங்கட்கிழமையிலிருந்து நாற்பது நாளை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தாள். இடையில் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தாள். "முப்பத்தஞ்சு நாள்தான்," என்றாள். பிறகு அவளே, "முப்பத்தஞ்சு நாள்," என்று சும்மா ஒரு தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை காலை இறக்குமிடத்தில் முதல் லாரி ஏழரைக்கு வந்தது. பின்கதவைத் திறந்தார்கள். நீளநீளமான பெட்டிகள், ஒன்றுக்கு இரண்டு ஆள் தேவை. எனக்கு ஜோடி யார் என்று பார்த்தேன். தள்ளுவண்டியோடு மச்சான் நின்றிருந்தான். வியாழனிலிருந்து அவன் என்னிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தவன் நான் இருந்த அறைக்குள் வரவில்லை. இப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பெட்டியின் அந்தப் பக்கத்துக்குப் போனான். நான் இந்தப் பக்கம் குனிந்து விளிம்பைப் பிடித்தேன். பெல்ட் வயிற்றை நெருக்கியது.

அவன் ஏதோ சொன்னான். நான் வலது காதைத் திருப்பினேன். இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

"அங்க புடிக்காதீங்க மாமா. கைப்பிடி கீழ இருக்கு."